கட்டிலால் இறக்குவது

அப்பாவின் இருதயக் குழாயில் அடைப்பெடுத்து, உள்ளே கம்பிச் சுருள் வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருக்குக் கொண்டது. யாழ்ப்பாணத்தில் வார்ட்டை விட்டு வெளியே வந்ததும் குறிகட்டுவான் படகுத்துறைக்கு அடுத்த பஸ் எப்போது என்றுதான் முதலில் கேட்டார். புங்குடுதீவு மடத்துவெளியில் என் வீட்டில் கொஞ்ச நாளாவது இருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், சத்தம் போட்டும் பார்த்தேன். நெடுந்தீவில் மாடுகள் தண்ணீருக்கு அந்தரிக்கும் என்றார். மாட்டுக்குப் படுகிற கவலையை மகளுக்கும் கொஞ்சம் படக்கூடாதா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மருந்துப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அன்றைக்கே படகேறிப் போயும் விட்டார்.

நான் தாதி. தீவுப்பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. இருதயம் நின்றால் மூளை எவ்வளவு குறைந்த நேரம்தான் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். தெரியாதவளாக இருந்திருந்தால் நிம்மதியாகச் சமைத்துச் சாப்பிட்டிருப்பேன். நெடுந்தீவுக்குக் கடல் நல்லாக இருந்தால் ஒரு மணித்தியாலம். சோளகக் காற்று எழும்பினால் படகே இல்லை. அங்கே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், நின்ற இருதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற மெஷினும் இருக்கிறது. ஆனால் எங்கள் வீடு தீவின் மற்றத் தொங்கலில். அம்புலன்ஸ் அந்தக் கல் ரோட்டில் குலுங்கிக்கொண்டு வந்து சேரும்வரை அப்பாவின் நெஞ்சை யாராவது விடாமல் அழுத்த வேண்டும். அந்த யாராவது யார் என்பதுதான் எனக்கு விடை கிடைக்காத கேள்வி.

ஊசி போடும்போதும் அந்தக் கேள்வி கூடவே நின்றது. விடிய எழும்பியதும் முதலில் காற்றைப் பார்ப்பேன், பிறகு போனைப் பார்ப்பேன், பிறகுதான் முகம் கழுவுவேன். அம்மா போனை எடுக்கக் கொஞ்சம் சுணங்கினால் போதும், அடுத்த படகு எத்தனை மணிக்கென்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். எடுத்த பிறகு, ஏன் சுணங்கினனீங்கள் என்று நான் எரிந்து விழுவேன். உனக்கு வேறு வேலை இல்லையோ, நான் கிணற்றடியில் நின்றனான் என்று அம்மா பதிலுக்கு எரிந்து விழுவா. இருவரும் ஒரே அச்சு.

வீடியோ போடுகிற யோசனை அந்தப் பதற்றத்தில் வந்ததுதான். ஊருக்கு நன்மை செய்ய வேண்டும் என்று வந்ததல்ல. நெடுந்தீவில் போன் இல்லாத இளம் ஆட்கள் இல்லை. வலையைப் பின்னிக்கொண்டும் அதைத்தான் பார்க்கிறார்கள், மாட்டை மேயவிட்டுக்கொண்டும் அதைத்தான் பார்க்கிறார்கள். அதற்குள் புகுந்துவிட்டால் அந்தத் தீவில் யாரோ ஒருவருக்காவது சி.பி.ஆர். தெரியவரும் என்று நினைத்தேன். குசினித் தரையில் அடுப்போரமாக ஒரு தலையணையைக் கிடத்தி, என் கணவரிடம் போனைக் கொடுத்து, கை நடுங்காமல் பிடியுங்கோ என்று உத்தரவு போட்டேன். ஆள் விழுந்தால் தட்டிக் கூப்பிடுங்கள், மூச்சைப் பாருங்கள், குறட்டை மாதிரி விட்டுவிட்டு இழுத்தால் அதை மூச்சு என்று நம்பி ஏமாறாதீர்கள், அம்புலன்சுக்கு அடித்துவிட்டுக் கெட்டியான தரையில் கிடத்தி நெஞ்சின் நடுவில் அழுத்துங்கள். இவ்வளவுதான். முழங்கையை மடக்காமல், வேகமாக, ஆழமாக.

டிக்டொக்கிலும் பேஸ்புக்கிலும் போட்டேன். பார்த்தவர்களின் தொகை ஏறிக்கொண்டே போனது. டொரண்டோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் சொந்தக்காரர் கைகூப்பிய படம் போட்டார்கள். ஒருவன், அக்கா உங்களைப் பார்த்து எனக்கும் நெஞ்சு நிண்டிட்டுது, வந்து அழுத்துங்கோ என்று எழுதினான். உமக்கு நெஞ்சில் ஒரு குறையும் இல்லை, தலையில்தான், அதற்கு எங்களிடம் வைத்தியம் இல்லை என்று பதில் போட்டேன். அந்தப் பதிலுக்குக் கிடைத்த விருப்பங்கள் வீடியோவுக்குக் கிடைத்ததை விட அதிகம்.

அடுத்த விடுமுறைக்கு நெடுந்தீவு போனபோது, மாவலித்துறையில் படகின் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு தம்பி என்னை அடையாளம் கண்டு, உங்கடை வீடியோ எல்லாம் பார்க்கிறனான் அக்கா என்றான். சந்தோசத்தில் என் பயணப் பையை அவன் முன்னால் போட்டு, செய்து காட்டும் பார்ப்போம் என்றேன். அவன் ரொட்டிக்கு மா குழைக்கிற மாதிரிப் பிசைந்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை பேர் பார்த்து என்ன பிரயோசனம். கண்ணால் படித்தது கைக்கு வராது என்பதை எனக்கு அந்தத் துறைமுகத்திலேயே அவன் காட்டிவிட்டான்.

ஆகவே கைக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். பயிற்சிப் பொம்மை ஆஸ்பத்திரியின் சொத்து, கடல் தாண்டாது. நானே பொம்மைகள் செய்தேன். பழைய அரைக்கைச் சேட்டுக்குள் சாக்கு, சாக்குக்குள் தேங்காய்த் தும்பு, தும்புக்கு நடுவில் வெறும் தண்ணீர்ப் போத்தல். போதிய ஆழத்துக்கு அழுத்தினால் போத்தல் டொக் என்று கத்தும், விட்டால் திரும்பி எழும்பும். தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தைக் கேட்டு வாங்கி, கடலுக்குப் போகிற பெடியள், கடையில் நிற்கிற பிள்ளைகள், கச்சேரியில் அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்கள் என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்தேன். வேகம் எப்படி அக்கா என்று கேட்டார்கள். யாரோ ஒரு சினிமாப் பாட்டைச் சொன்னார்கள், இன்னொருவர் வேறு பாட்டைச் சொன்னார், அதில் ஒரு சண்டை. கடைசியில் ஒரு மீன்பிடிக்காரத் தம்பி, எங்கடை சின்ன வள்ளத்தின்ரை எஞ்சினை மெதுவா விட்டால் அந்தச் சத்தம்தான் என்றான். வாயாலேயே டக் டக் என்று போட்டும் காட்டினான். மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அன்று முழுக்க அந்த மண்டபத்தில் எஞ்சின் ஓடியது.

அந்தக் கூட்டத்தில் எல்லாரையும் விட நன்றாக அழுத்தியது எங்கள் பக்கத்து வளவுப் பெண். முன்பள்ளி ஆசிரியை, இருபதைத் தாண்டிக் கொஞ்சம், காற்றடித்தால் பறந்துவிடுவாள் போன்ற உடம்பு. பெடியள் கைப்பலத்தைக் காட்டிக் களைத்துப் போனார்கள். அவள் தோளை நேராக நிறுத்தி முழு உடம்பையும் கைக்குள் இறக்கினாள். போத்தல் ஒரு தடவையும் பிழைக்காமல் கத்தியது. அப்பாவும் சைக்கிளில் வந்து கடைசிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் ஒரு நெஞ்சுக்காக ஊரையே பயிற்சி எடுக்க வைக்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

பொம்மைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வட்ஸ்அப்பில் ஒரு குழு. கிழமைக்கு ஒருக்கால் ஒவ்வொருவரும் தாங்கள் அழுத்துவதைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். நான் பஸ்ஸில் இருந்தபடி குரல் அனுப்புவேன்: முழங்கை மடங்குது, கை கீழே வழுக்குது, நெஞ்சு திரும்பி எழும்ப விடும். என் பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல வேறு சீற்றுக்கு மாறுவார்கள்.

பிறகு அந்த மரணம் வந்தது. நெடுந்தீவில் எங்கள் குறிச்சியில் கடை வைத்திருந்தவர், நடுத்தர வயது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சரிந்தவர் எழும்பவில்லை. யாரோ ஓடிப்போய் முன்பள்ளிப் பெண்ணைக் கூட்டிவந்திருக்கிறார்கள். ஆள் அனுப்பி அழைக்கும் அளவுக்கு எங்கள் வீடியோக்கள் வேலை செய்திருந்தன. அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் மெத்தையில் கிடந்தார். கீழே இறக்குங்கோ என்றாளாம். அவருடைய தாய் கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, உயிரோடை இருக்கிற பிள்ளையை இறக்காதையுங்கோ என்று கதறியிருக்கிறா. சகோதரிகளும் விடவில்லை. அவள் மெத்தை மேலேயே ஏறி முழங்காலில் இருந்து அழுத்தியிருக்கிறாள். அம்புலன்ஸ் வந்தபோது ஒன்றும் மிச்சமில்லை.

சவம் எடுத்த அன்று பின்னேரம் எனக்குப் போன் எடுத்தாள். அழவில்லை. சும்மா ஒரு சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அக்கா, நான் அழுத்தினது அவற்றை நெஞ்சையோ, மெத்தையையோ?"

பஞ்சு மெத்தையில் ஆளைப் போட்டு அழுத்தினால் பாதிக்கு மேல் மெத்தைதான் வாங்கிக்கொள்ளும். அது அவளுக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் கேட்டாள். நீர் செய்யக்கூடியதைச் செய்தனீர் என்று ஏதோ சொன்னேன். அவள் ஓம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எங்கள் சனத்துக்குத் தரை புதிதல்ல. வெக்கைக்குச் சீமெந்தில் பாயைப் போட்டுப் படுக்காத ஆள் உண்டா. ஆனால் நோயாளியைக் கட்டிலால் இறக்குவது வேறு. அது முடிந்துவிட்ட பிறகு செய்வது. இறக்கி, தெற்கே தலை வைத்துக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றுவார்கள். மூச்சு இருக்கும்போதே இறக்குவது என்றால், இந்தாருங்கள் கொண்டுபோங்கள் என்று நாங்களே கையளிப்பது மாதிரி. ஒவ்வொரு வீடியோவிலும் கெட்டியான தரையில் கிடத்துங்கள் என்று நான் ஒரு மூச்சில் சொல்லித் தாண்டிய இடம் அது. டொரண்டோவில் யாரும் கேட்கவில்லை. மண்டபத்திலும் யாரும் கேட்கவில்லை, பொம்மைகள் முதலிலேயே தரையில்தான் கிடந்தன.

எனக்கு யாருடனாவது சண்டை பிடிக்க வேண்டும் போல இருந்தது. அடுத்த படகிலேயே நெடுந்தீவுக்குப் போனேன். சண்டைக்கு ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அம்மா அந்தச் செத்தவீட்டுக்குப் போய்வந்திருந்தா. அந்தத் தாய் செய்தது சரி என்றா. பெற்றவள் எப்படி விடுவாள் என்றா. நான் விளக்கினேன். மெத்தை எப்படி அமுங்கும் என்று கட்டிலில் பொம்மையைப் போட்டே காட்டினேன், போத்தல் ஒரு சத்தமும் போடவில்லை, பாருங்கோ என்றேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அப்படியென்றால் மெத்தைக்கு மேலே ஒரு பலகையை வைத்து அதிலே கிடத்தலாம் என்றேன். பலகையில் கிடத்துவது ஆரை என்று கேட்டா. பாடையும் பலகைதானே.

"என்ரை வீட்டிலை இந்த மனுசனை உயிரோடை ஒருத்தரும் கட்டிலால இறக்க விடமாட்டன்," என்றா அம்மா. "நீ ஊருக்குப் படிப்பி. எனக்குப் படிப்பிக்காதை."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது நினைவில்லை, பக்கத்து வளவில் மாடு கதறுவது நின்றது மட்டும் நினைவிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தீவில் நெஞ்சை அழுத்தத் தெரிந்த கைகளை உண்டாக்கிவிட்டேன், அந்தக் கைகளுக்கும் அப்பாவின் நெஞ்சுக்கும் நடுவில் என் சொந்தத் தாய் நிற்கிறா. அதை எந்த வீடியோவால் நகர்த்துவது.

அப்பா இவ்வளவு நேரமும் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். யாருடைய நெஞ்சைப் பற்றிக் கதைக்கிறோம் என்றே தெரியாதவர் போல. கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய் ஒரு பாயை எடுத்து வந்து விறாந்தையில் விரித்தார்.

"கட்டிலால இறக்கிறதுதானே பிரச்சினை?" என்றார். "நான் கட்டிலிலை ஏறாமலே விடுறன்."

முதலில் பகிடி என்று நினைத்தோம். அன்று மாலை அவர் தன் தலையணையையும் போர்வையையும் விறாந்தைக்குக் கொண்டுபோனபோது அம்மாவின் முகம் மாறியது. இத்தனை வருசம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள். உமக்கும் பாவம் வேண்டாம், பிள்ளைக்கும் பதற்றம் வேண்டாம், எனக்குக் காத்தோட்டமும் ஆச்சு என்று அப்பா சமாதானம் சொன்னார். அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டா. சாப்பாட்டை மட்டும் தவறாமல் கொண்டுவந்து முன்னால் வைப்பா, சத்தம் கேட்க வைப்பா.

நான் அதையும் வீடியோவாக்கினேன். அப்பா பாயில் சப்பணம் கட்டி இருந்து, நான் கட்டிலை விட்டிட்டன், இனி என்னை ஒருத்தரும் இறக்கத் தேவையில்லை, நேரே அழுத்தலாம் என்று சொல்கிறார். நான் போட்டதிலேயே அதைத்தான் ஆட்கள் அதிகம் பார்த்தார்கள். அதன் கீழேதான் முதல்முறையாக இறக்குவதைப் பற்றி வாய்திறந்து எழுதினார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அப்பாச்சி விடமாட்டா, என்ன செய்வது என்று. குழுவில் இருந்த பெடியள் தங்கள் வீடுகளில் இந்தக் கதையை எடுத்தார்களாம். சில வீடுகளில் ஏச்சு வாங்கினார்கள், சில வீடுகளில் பெரியவர்கள் யோசித்தார்கள்.

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அதுவும் கொஞ்சம்தான். ஒவ்வொரு நாளும் போனில் அப்பா எங்கை படுக்கிறார் என்று கேட்பேன். உன்ரை கொப்பர் விறாந்தையிலை ராசா மாதிரிக் கிடக்கிறார் என்பா அம்மா. தனக்கு நெஞ்சுக்குள் காஸ் பிடித்த மாதிரி இருக்கிறது, இஞ்சி அவித்துக் குடிக்கிறேன் என்றும் இடையில் ஒருநாள் சொன்னா. அடுத்த படகில் வாருங்கோ, ஈசிஜி எடுத்துப் பார்ப்போம் என்றேன். கோழி அடையில் இருக்குது, பிறகு பார்ப்பம் என்றா.

கோழி குஞ்சு பொரிக்கும் முன்னரே அந்தக் காலை வந்துவிட்டது. நான் வேலைக்குப் போகிற பஸ் புங்குடுதீவைத் தாண்டி, வேலணைக்குப் போகிற தாம்போதியில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். போன் அடித்தது. முன்பள்ளிப் பெண்ணின் பெயரைத் திரையில் பார்த்ததுமே அப்பா என்று முடிவு கட்டிவிட்டேன்.

"அக்கா, மாமி," என்றாள். மூச்சு வாங்கியது. "மாமிக்கு மூச்சில்லை. அம்புலன்சுக்கு அடிச்சாச்சு. நான் அழுத்துறன், நீங்கள் எண்ணுங்கோ."

மாமி என்றால் அம்மா. அது என் மண்டைக்குள் இறங்கவே இல்லை. என் வாய் மட்டும் தன் பாட்டில் கேட்டது.

"எங்கை கிடத்தினனீங்கள்?"

"நிலத்திலை."

எண்ணத் தொடங்கினேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. பஸ்ஸுக்குள் சத்தமாக எண்ணினேன், ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனைத் தரையில் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது, ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு சின்னச் சத்தம் வந்தது. அம்மாவின் காப்புகள் சீமெந்தில் அடிபடுகிற சத்தம். அந்தச் சத்தம் சீராக இருந்தது. வள்ளத்தின் எஞ்சினை மெதுவாக விட்ட மாதிரி. அது சீராக இருக்கும்வரை எல்லாம் சரி என்று நான் அதையே பிடித்துக்கொண்டேன். என்ன நடக்கிறது என்று விளங்கியதோ என்னவோ, கொண்டக்டர் போய் ட்ரைவரிடம் சொல்லி பஸ்ஸை நிறுத்தி எஞ்சினையும் ஓஃப் பண்ணினார். தாம்போதியின் நடுவில் காற்றும் நானும் காப்புச் சத்தமும்தான்.

இடையில் அப்பாவின் குரல் கேட்டது. நான் மாறுறன் பிள்ளை, நீர் மூச்சு வாங்கும் என்றார். அப்பா நீங்கள் அழுத்தக் கூடாது என்று கத்த வாயெடுத்தேன், கத்தவில்லை. கம்பிச் சுருள் வைத்த நெஞ்சோடு அவர் என் தாயின் நெஞ்சை அழுத்துகிறார். என் குரல் உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் பின் சீற்றில் இருந்து யாரோ எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு இன்னும் சில குரல்கள் சேர்ந்தன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு போனில் வாகனச் சத்தம், ஆட்களின் சத்தம், எல்லாரும் தள்ளுங்கோ என்ற ஒரு கட்டளை. அதோடு லைன் அறுந்துவிட்டது.

எதிரே வந்த ஒரு வான் வாகனத்தை மறித்து என்னைக் குறிகட்டுவானுக்கு ஏற்றிவிட்டார்கள். அந்த இறங்குதுறையில் நான் நடந்த நடையை ஒருவரும் மறக்கமாட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். தொங்கலுக்கு நடப்பேன், திரும்பி வருவேன், போனைப் பார்ப்பேன், மறுபடி நடப்பேன். யாரோ சோடா வாங்கித் தந்தார்கள், அதைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அங்கே போன் எடுத்தால் பிஸி, பிறகு எடுத்தால் பதிலில்லை. உயிரோடு இருந்தால்தான் படகில் ஏற்றுவார்கள், ஆகவே படகு வந்தால் அம்மா இருக்கிறா. படகு வராவிட்டால் இல்லை. இதைத் தவிர வேறு கணக்கு என் மண்டையில் ஓடவில்லை. கடலைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது.

படகு வந்தது. அப்பா முன்னால் ஒரு பலகையில் குந்தி இருந்தார். அம்மா ஸ்ட்ரெச்சரில். முகத்தில் ஒக்சிசன் மாஸ்க், அது மூச்சுக்கு மங்கித் தெளிந்து மங்கியது. அந்த மங்கலைப் பார்த்த பிறகுதான் கையில் இருந்த சோடாவைத் திறந்தேன். அங்குள்ளவர்கள் மெஷினால் ஒரு தடவை அடித்ததிலேயே இருதயம் திரும்பிவிட்டதாம். அதுவரைக்கும் மூளைக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்ததால்தான் ஆள் ஆளாகத் திரும்பினா என்று யாழ்ப்பாணத்தில் டொக்டர் சொன்னார்.

நடந்ததை முன்பள்ளிப் பெண் எனக்குப் பிறகு சொன்னாள். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, ஒரு மாதிரி இருக்குது என்று அம்மா திரும்பப் போய்க் கட்டிலில் படுத்திருக்கிறா. கொஞ்ச நேரத்தில் அறைக்குள் குறட்டைச் சத்தம் மாதிரிக் கேட்டிருக்கிறது. விறாந்தையில் இருந்த அப்பா, அம்மா குறட்டை விடுகிற ஆள் இல்லையே என்று எட்டிப் பார்த்திருக்கிறார். அதை மூச்சென்று நம்பி ஏமாறாதீர்கள் என்று மண்டபத்தில் நான் சொன்னது அவருக்கு உடனே ஞாபகம் வந்ததாம். மதிலுக்கு மேலால் அவளைக் கூப்பிட்டார். அவள் ஓடி வந்தபோது அவர் ஏற்கெனவே அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் ஒரு பக்கம் அலுமாரி, ஒரு பக்கம் தையல் மெஷின். கட்டிலின் கால்மாட்டில் மட்டும்தான் ஒரு ஆளைக் கிடத்த நிலம் இருந்தது. இழுத்தபடி அங்கே கிடத்தினால், திருப்ப இடமில்லாமல் தலை தெற்கேதான் வரும். அவள் ஒரு கணம் தயங்கினாளாம்.

"மாமா என்னைப் பார்த்தார் அக்கா," என்றாள். "தெற்கெண்டாலும் பரவாயில்லை, இறக்கும் எண்டார்."

வார்ட்டில் அம்மாவுக்கு நன்றாக நினைவு திரும்பியபோது முதலில் நெஞ்செலும்பு நோவதைப் பற்றித்தான் குறைப்பட்டா. மாடு மிதித்த மாதிரி இருக்குது என்றா. இரண்டு பேர் மாறிமாறி அழுத்தியது என்று நான் சொன்னேன். அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினா.

"நான் எங்கை கிடந்தனான்?"

"நிலத்திலை," என்றார் அப்பா.

"தலை எந்தப் பக்கம்?"

"கிழக்கை."

அம்மா கண்ணை மூடிக்கொண்டா. அந்த அறையில் கிழக்கே தலைவைத்துக் கிடத்த நிலம் எங்கே இருக்கிறது, அலுமாரியை ஆர் தூக்கினது என்று கேட்டா. தன் அறை தனக்குத் தெரியும் என்றா. அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, தெற்குத்தான், நான்தான் இறக்கினனான், ஏசுறதெண்டால் என்னை ஏசும், அந்தப் பிள்ளையை ஒண்டும் சொல்லாதையும் என்றார். அம்மா ஏசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டா. அதன் பிறகு வார்ட்டை விட்டு வரும்வரை அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் ஏச்சை விடப் பயமாக இருந்தது. உயிரைக் காப்பாற்றிவிட்டு ஒரு மனுசியின் மனசை உடைத்துவிட்டோமோ என்று கிடந்து தவித்தேன். கேட்கவும் துணிவு வரவில்லை.

இம்முறை நான் கெஞ்சினதும் இருவரும் என் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தார்கள். அம்மா கட்டிலில், அப்பா கீழே பாயில். கடல் அடங்கியதும் நெடுந்தீவுக்குப் போக வேண்டும் என்று அம்மாதான் ஒற்றைக் காலில் நின்றா. நானும் கணவரும் கூடவே போனோம். வீட்டு வாசலில் முன்பள்ளிப் பெண் காத்து நின்றாள், கையைப் பிசைந்துகொண்டு. அம்மா அவளைக் கட்டிப் பிடிக்கவுமில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. நேரே அறைக்குள் போய்க் கட்டிலின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றா. பிறகு கதிரை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அறை வாசலில் இருந்துகொண்டா.

அலுமாரியை விறாந்தைக்குக் கொண்டுபோங்கோ என்றா. தையல் மெஷினைக் குசினிக்குப் பக்கத்தில் வையுங்கோ என்றா. கட்டிலை மற்றச் சுவரோடு தள்ளச் சொன்னா. அப்பா கைகொடுக்க வந்தபோது அவரை ஒரு பார்வையிலேயே தள்ளி நிற்க வைத்தா. நானும் கணவரும் அவளும் தள்ளினோம். எந்தக் காலத்துக் கட்டிலோ, சீமெந்தில் இரண்டு கோடு போட்டுக்கொண்டு நகர்ந்தது. நகர்ந்த பிறகு அறையின் நடுவில், கிழக்கு மேற்காக, நல்ல அகலத்துக்கு வெறும் நிலம் கிடந்தது.

"பிள்ளை, ஒருக்கால் கிடந்து பாரும்," என்றா அம்மா.

முன்பள்ளிப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு கிழக்கே தலைவைத்து நிலத்தில் நீட்டி நிமிர்ந்து கிடந்தாள். நீ பக்கத்தில் முழங்காலில் இரு, இடம் காணுமோ பார் என்று அம்மா எனக்குச் சொன்னா. நான் முழங்காலில் இருந்து கையை அவள் நெஞ்சுக்கு மேலே நீட்டிக் காட்டினேன். காணும் என்றேன். மற்றப் பக்கத்திலும் ஒரு ஆள் இருக்கலாம், மாறி அழுத்தலாம் என்றேன். அம்மா தலையை ஆட்டினா.

அதன் பிறகு எழும்பி, மெல்ல விறாந்தைக்கு நடந்து, அப்பாவின் பாயைச் சுருட்டி எடுத்து அலுமாரிக்கு மேலே போட்டா. அவருடைய தலையணையைத் தட்டி, கட்டிலில் தன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தா.

"இனி நீங்கள் மேலை ஏறிப் படுங்கோ," என்றா அவரிடம். "இறக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம்."